அறிவிப்பாளர் எவர்? இணையக் கலைக்களஞ்சியம் குறித்துச் சில எண்ணங்கள்

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் அச்சேறிய நூல்களெல்லாம் சங்கரன்கோவிலைத் திருநெல்வேலி மாவட்டத்து ஊராகவே காட்டும். இணையக் களஞ்சியமோ இத்தகைய மாற்றத்தைச் சில நிமிடங்களில் ஏற்க வல்லது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் வலிமை இதுவே. நம் ஐயத்திற்கு வாயிலும் இதுவே. எவரும் திருத்தலாமெனில் எவரை நம்புவது?

பழைய களஞ்சியங்களில் பொறுப்பாளரின் பெயர் முகப்பிலேயே நின்றது. 1910இல் வெளிவந்த அபிதான சிந்தாமணிக்கு ஆ. சிங்காரவேலு முதலியாரும், 1954 முதல் வெளிவந்த கலைக்களஞ்சியத்திற்குப் பெ. தூரனும், இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்திற்கு எம்.ஆர்.எம். அப்துற் றஹீமும் பொறுப்பேற்றனர். பிழை நேரின் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார்.

விக்கிப்பீடியாவும் ஒவ்வொரு திருத்தத்தையும் நாளும் நேரமும் குறித்துக் காக்கிறது. இது ஹதீஸ் கலையின் இஸ்னாதை நமக்கு நினைவூட்டும். எனினும் ஒப்புமை பாதியில் நின்றுவிடுகிறது. ஹதீஸ் அறிஞர் அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவாற்றலையும் துருவி ஆராய்ந்தனர். நிலை அறியப்படாதவரை 'மஜ்ஹூல்' என்றனர். இங்கே தொகுப்பாளர் பலர் புனைபெயரினர். ஆதலின் அடிக்குறிப்பில் காட்டப்படும் நூலையே நாம் அறிவிப்பாளராகக் கொள்ள வேண்டும். சான்றற்ற வரி பலவீனமானதே.

தொகுப்போர் சிலரேயான மொழிகளில் ஆபத்து மிகுதி. குரோவாசிய மொழிப் பதிப்பு பல்லாண்டுகள் ஒரு சிறு குழுவின் பிடியில் சிக்கி வரலாற்றைத் திரித்ததை, விக்கிமீடியா அறக்கட்டளை 2021இல் வெளியிட்ட மதிப்பாய்வே எடுத்துக்காட்டியது.

இனிப் பொருள்வளம். அவ்வறக்கட்டளை விளம்பரம் ஏற்பதில்லை. பெரிதும் வாசகர் நன்கொடையாலேயே இயங்குகிறது. 2016இல் நிறுவிய நிலைநிதி 2021இல் பத்துக் கோடி டாலரை எட்டியது. முதல் குறையாது பயன் தருவது என்னும் வக்ஃபின் கருத்துக்கு இது அண்மையது. வணிகரின் தலையீட்டைத் தடுப்பதால் போற்றத்தக்கது. ஆயினும் நன்கொடை வேண்டுகோள்களின் மிகையான அவசரத் தொனியை 2022இல் ஆங்கிலப் பதிப்பின் தொகுப்பாளர்களே கண்டித்தனர். முதவல்லியிடம் கணக்குக் கேட்கும் உரிமை இங்கும் வேண்டும்.

அன்றியும், அப்பணம் கணினிகளுக்கும் ஊழியர்க்கும் செல்வது. கட்டுரை எழுதுவோர் ஊதியம் பெறாத் தன்னார்வலர். பணம் களஞ்சியத்தை அணையாது காக்கும், செய்தியை மெய்யாக்காது. தமிழ்ப் பதிப்பின் தேவை சான்றோடு எழுதும் கைகளே. நம் ஊர்ப் பள்ளிவாசல் பற்றியோ அரபுத்தமிழ் ஏடுகள் பற்றியோ ஒரு பிழை கண்டால், குறை கூறி அகல்வதினும் நூலைத் திறந்து, பக்க எண் காட்டித் திருத்துவதே அறிவுடையோர் செய்யத்தக்க கொடை.