அடியில் இருக்கும் பெயர்

பழம்பொருள் சேகரிப்பவர் ஒருவர் கையில் ஒரு ஜாடியைக் கொடுத்துப் பாருங்கள். அதன் கழுத்தையோ, வயிற்றையோ, அதில் வழிந்து உறைந்திருக்கும் வண்ணத்தையோ அவர் பார்க்கமாட்டார். சட்டென்று தலைகீழாகத் திருப்பி அடிப்புறத்தைப் பார்ப்பார். அங்கே கையெழுத்து இருந்தால் முகம் மலரும். இல்லாவிட்டால் மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். எல்லாப் பழம்பொருளுக்கும் நேருகிற கதிதான் இது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸில் செய்யப்பட்ட கலை ஜாடிகளைப் பொறுத்தவரை இதைப் பெரிய அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

பிரெஞ்சில் இந்தச் சரக்குக்கு 'கிரே' என்று பெயர். நீர் கசியும் மண்பானையும் அல்ல, ஒளி ஊடுருவும் மெல்லிய வெண்பீங்கானும் அல்ல, இடைப்பட்ட ஜாதி. 1,250 முதல் 1,300 டிகிரி சென்டிகிரேட் வரை சூடேறும்போது களிமண் தானே இறுகிக் கல்லாகிவிடுகிறது. நம் வீட்டு அலமாரியில் பழுப்புக் கழுத்தும் வெளுத்த உடம்புமாக உட்கார்ந்திருக்கிறதே ஊறுகாய் ஜாடி, அதுவும் இந்தக் குலந்தான்.

இந்தச் சமையலறைச் சரக்கைக் கலைப்பொருளாக உயர்த்தியவர்களில் முக்கியமானவர் ழான் காரியெஸ். 1855-இல் லியோனில் பிறந்து, சிறு வயதிலேயே அநாதையாகி, சிற்பியாக வளர்ந்தவர். 1878-ஆம் வருஷத்துப் பாரிஸ் கண்காட்சியில் ஜப்பானிய ஜாடிகள் அவர் மனத்தைக் கொள்ளைகொண்டன. பத்து வருஷம் கழித்து, 1888-இல், ஸேந்தமான் என்ற கிராமத்துக்குப் போய்ச் சூளையே கதியென்று உட்கார்ந்துவிட்டார். சுரைக்காய் வடிவங்கள், மரப்பட்டை போன்ற மேற்பரப்பு, சாம்பலும் பாசியும் கலந்தாற்போன்ற நிறங்கள் எல்லாம் அங்கே பிறந்தன. தையல் மெஷின் சிங்கரின் மகள் வின்னரெட்டா தம் வீட்டுக்காக கிரேயிலேயே ஒரு பிரம்மாண்டமான வாயிலைச் செய்து தரும்படி அவரைக் கேட்டார். அந்த வாயில் முற்றுப்பெறவில்லை. 1894-இல், முப்பத்தொன்பதாம் வயதில், காரியெஸ் காலமானார்.

அவர் வழியைப் பின்பற்றிப் பலர் வந்தார்கள். நண்பர் ஜார்ஜ் ஹொயென்ட்ஷெல் காரியெஸின் படைப்புகளைச் சேர்த்து, 1904-இல் பாரிஸ் நகருக்கு நன்கொடையாக அளித்தார். பெத்தி பலே மியூசியத்துக்கு அவை அப்படி வந்து சேர்ந்தவை. பால் ழானெனே கீழைநாட்டு ஜாடிகளைச் சேகரித்துக்கொண்டிருந்து, பிறகு தாமே மண்ணில் கைவைத்தவர். ரோதான் செதுக்கிய நாவலாசிரியர் பால்ஸாக்கின் தலையை கிரேயில் ஆக்கித் தந்தவரும் அவரே. அந்தத் தலையைப் பார்க்கிறவர்கள் ரோதானை நினைக்கிறார்கள், பால்ஸாக்கை நினைக்கிறார்கள். ழானெனேயை எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

இங்கேதான் என் வழக்கு ஆரம்பமாகிறது. காரியெஸ் ஸேந்தமானைத் தேடிப் போனது ஏன்? அங்கே நல்ல களிமண் இருந்தது; அதைவிட முக்கியமாக, அதைப் பல நூற்றாண்டுகளாகப் பழக்கி வைத்திருந்த குயவர்கள் இருந்தார்கள். இறைச்சிக்கு உப்புப் போட்டு வைக்கும் ஜாடியும் எண்ணெய்ச் சாடியும் செய்து வயிறு வளர்த்தவர்கள் அவர்கள். எந்த மண் தீயைத் தாங்கும், சூளையில் விறகு எப்படி எரிய வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கண்ட வித்தை. பாரிஸ்காரர்கள் அதைக் கற்றுக்கொண்டு, ஜப்பானியரின் ரசனையையும் சேர்த்து, அடியில் தங்கள் பெயரைப் பொறித்தார்கள். அந்தப் பெயருக்காக இன்று ஏலத்தில் போட்டி நடக்கிறது. அதே மண்ணில் பிறந்த உப்பு ஜாடி கேட்பாரற்றுக் கிடக்கிறது.

இன்னொரு விசேஷம். இந்த ஜாடிகளின் அழகில் பாதி, செய்தவருடையதே அல்ல. மெருகு எங்கே திரளும், எங்கே வழிந்து நிற்கும் என்று அவர் எதிர்பார்க்கலாம். உத்தரவு போட முடியாது. சூளையின் வாயை அடைத்தபின் அவரும் நம்மைப்போல் காத்திருக்க வேண்டியவர்தான்.

அப்படியானால் கையெழுத்து வெறும் அகம்பாவமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. ஒகுஸ்த் தெலாஎர்ஷ் 1904-க்குப் பிறகு தாமே சக்கரத்தில் உட்கார்ந்து, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாத ஜாடிகளை மட்டுமே வனைந்தார். கெட்டுப்போனால் தன் நஷ்டம், நன்றாக வந்தால் தன் பாக்கியம் என்று இருந்தவர் பெயர் போட்டுக்கொண்டால் அதில் நியாயம் உண்டு. அந்தப் பெயர் ஒரு பொறுப்பு.

மறுபக்கம் வியர்ஸோன் நகரத்து 'டென்பாக்'கைப் பாருங்கள். அது ஒரு மனிதரின் பெயரே அல்ல. டெனேர், பாலிஷோன் என்ற இரண்டு கூட்டாளிகளின் பெயர்களை வெட்டி ஒட்டியது. அச்சில் வார்த்து, நம்பர் போட்டு, 1952 வரை விற்றார்கள். பெரிய சேகரிப்பாளர்களுக்கு இதென்றால் இளக்காரம். எனக்கு இல்லை. அச்சு ஒன்றானாலும் அதன்மேல் ஓடிய மெருகு ஒவ்வொன்றிலும் வேறு. சாதாரண வருமானக்காரர் தம் மேஜைமேல் வைத்த சிறிய பூஜாடியிலும் தீ தன் வேலையைச் செய்திருக்கிறது. சோம்பலாகச் செய்த ஒரு பிரபல ஜாடியையும், மெருகு நன்றாக வந்த ஒரு டென்பாக்கையும் முன்னால் வைத்தால், நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

கதை எழுதுகிறவனுக்கு இது அந்நிய விஷயமல்ல. பத்திரிகையைப் பிரித்ததும் கதைக்குமுன் ஆசிரியர் பெயரைப் பார்த்து, நன்றாயிருக்கும் இருக்காது என்று தீர்ப்பெழுதிவிடும் வாசகர்களை நான் அறிவேன். அந்தப் பழக்கத்தால் எனக்கு லாபமே உண்டு. ஆனாலும் அதை நல்ல பழக்கம் என்று சொல்ல மாட்டேன். பெயர் நேற்றைய வேலைக்குக் கிடைத்த கூலி. இன்றைய கதைக்கு அது ஜாமீன் ஆகாது.

சேகரிக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஜாடியை முதலில் கையில் ஏந்தி அதன் கனத்தைப் பாருங்கள். மெருகு நின்றுபோன விளிம்பை விரலால் தடவுங்கள். வெறும் மண் அங்கே தட்டுப்படும். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அது ஓடிவிடாது.