எடையை எங்கே குறைப்பது?

கோடியக்கரை உப்பளங்களில் ஒதுங்க நிழல் கிடையாது. டிசம்பர், ஜனவரியில் வலசை வந்த பூநாரைகளையும் உள்ளான்களையும் பார்க்கப் போகிறவர்கள் வண்டியை விட்டிறங்கிப் பாத்திகளுக்கு நடுவே ஓடும் மண்வரப்புகளில் வெகுதூரம் நடக்க வேண்டும். தோளில் கேமரா, கழுத்தில் பைனாகுலர், முதுகில் ஸ்பாட்டிங் ஸ்கோப், தண்ணீர். இத்தனைக்கும் மேல் ஒரு ட்ரைபாட். வெயில் ஏற ஏற, எதை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். அந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது ட்ரைபாட்தான். பறவை பார்ப்பவர்களிடமும் காட்டுயிர் ஒளிப்படக்காரர்களிடமும் ‘ஒரு கிலோவுக்குள் ட்ரைபாட்’ என்பது இன்று ஏறக்குறைய விரதமாகிவிட்டதற்கு இதுதான் காரணம்.

இந்தப் போக்கில் நியாயம் இருக்கிறது. அறையில் கிடக்கும் ட்ரைபாட் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் பயனில்லை. காட்டுயிர் ஒளிப்படக்காரர் மா. கிருஷ்ணன், பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே கட்டிக்கொண்ட கனமான கருவியைச் சுமந்துதான் நம் காடுகளைப் படமெடுத்தார். ஆனால் அவருடைய தோள்வலுவை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது. ஓய்வுபெற்ற பிறகு பறவை பார்க்க வருகிறவர்கள் நம்மிடையே பலர். கனமான கருவி இருந்தால்தான் இதில் இறங்க முடியும் என்றால் அவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

லென்ஸ்களில் நடந்திருக்கும் எடைக்குறைப்பு உண்மையிலேயே பெரிய காரியம். கேனனின் 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ் 1999இல் 5,360 கிராம் இருந்தது. 2018இல் வந்த மூன்றாம் பதிப்பு 3,050 கிராம்தான். அதே ஆண்டு நிக்கான் கொண்டுவந்த 500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸின் எடை ஒன்றரை கிலோவைக்கூடத் தொடவில்லை. வட்ட வட்டமாக நுண்வரிகள் அமைந்த ஒரே ஒரு கண்ணாடி அதற்குள் இருக்கிறது. வழக்கமான பல கண்ணாடிகள் சேர்ந்து செய்யும் வேலையை அது செய்துவிடுகிறது. எதிரே பலமான வெளிச்சம் சட்டகத்துக்குள் விழுந்தால் அந்த வரிகள் வளையமாகப் படத்தில் தெரியலாம். ஏற்றுக்கொள்ளக்கூடிய குறை அது.

ஏற்கத் தயங்க வேண்டியது வேறொரு வகை. கேனன் 2020இல் 600 மி.மீ. எஃப்/11 லென்ஸ் ஒன்றை 930 கிராம் எடையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலையும் நடுத்தர வருவாய்க்காரருக்கு எட்டுவதுதான். உப்பளத்துக் காலை வெயிலில் அது அருமையாகவே வேலை செய்யும். ஆனால் அது எஃப்/4 லென்ஸ் தரும் ஒளியில் எட்டில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். வால்பாறைச் சோலையில் விடிந்தும் விடியாத நேரத்தில் அத்திமரத்தில் இருவாச்சி வந்து உட்காரும்போது, எஃப்/4இல் ஐ.எஸ்.ஓ. 6,400 வைத்து எடுக்கும் படத்துக்கு இதில் 51,200 வைக்க வேண்டும். இறகின் நுணுக்கமெல்லாம் மணல்மணலாக உதிர்ந்துவிடும். லென்ஸில் எடை குறைந்தால் எந்த நேரத்துக்கு, எந்த இடத்துக்கு என்று நாம்தான் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும். அந்த எல்லைக்குள் நஷ்டமில்லை.

ட்ரைபாட் விஷயம் அப்படியல்ல. இங்கேதான் இந்த விரதம் தவறான இடத்தில் கைவைக்கிறது. சுவர்க் கனம் ஒன்றாக இருக்கும் குழாய்களில், வளையாமல் நிற்கும் வலு விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 22 மி.மீ. குழாயைவிட 32 மி.மீ. குழாய் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விறைப்பானது. பயணத்துக்கென்று விற்கப்படும் இலகு ட்ரைபாட்கள் பலவற்றில் கால் நான்கு, ஐந்து துண்டுகளாக ஒன்றுக்குள் ஒன்று மடங்கும். மேல் துண்டே ஒல்லி. தரையைத் தொடும் கடைசித் துண்டு விரல் பருமன்தான். அதற்கும் மேலே நடுத்தண்டை உயர்த்திவிட்டால், மூன்று காலுக்குக் காசு கொடுத்துவிட்டு ஒற்றைக் காலில் லென்ஸை நிறுத்தியது போல ஆகிவிடும். கிட்ஸோ நிறுவனம் 1994இல் கார்பன் ஃபைபர் கால்களைக் கொண்டுவந்தது முதல் எடை வெகுவாகக் குறைந்திருக்கிறது, வாஸ்தவம். அதற்காகக் கார்பன் ஒல்லிக்குழாய் தடிக்குழாயாகிவிடாது. பெட்டியின் மேல் ‘12 கிலோ தாங்கும்’ என்று போட்டிருப்பதையும் நம்பி வாங்க முடியாது. அதை அளப்பதற்கு எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொது அளவுகோல் இல்லை. மடங்கி விழாது என்பதற்குத்தான் அந்த எண், ஆடாது என்பதற்கல்ல.

ஆடினால் என்ன ஆகும்? கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறார்கள். உள்ளான்களின் காலில் எழுத்து பொறித்த வண்ணக் கொடிகளும் உண்டு. சிட்டுக்குருவி அளவேயுள்ள கொசு உள்ளான் சேற்றில் நிற்காமல் ஓடி ஓடிக் கொத்துகிறது. அதன் காலில் ஒட்டிய அந்தத் துளிக் கொடியை நாற்பது மடங்கு பெருக்கத்தில் ஸ்கோப் வழியே படிக்க வேண்டும். கடல்காற்று ஒல்லிக்காலைத் தொட்டதும் பறவையும் சேறும் சேர்ந்து நடுங்கும். ஃபோகஸ் வளையத்தில் விரல் பட்டால் மறுபடி நடுக்கம். அது அடங்குவதற்குள் பறவை திரும்பிவிடும். எழுத்து ‘பி’யா ‘ஆர்’ஆ என்ற சந்தேகத்தோடு நோட்டில் குறித்தால், எங்கோ வடக்கே வளையமிட்டவருக்குத் தவறான பறவையின் செய்தி போய்ச் சேரும். ட்ரைபாடில் மிச்சம் பிடித்த அரைக் கிலோவுக்கு இந்த விலை மிக அதிகம்.

எதைத்தான் குறைப்பது என்று கேட்டால், என் பதில்: உயரத்தை. நின்றுகொண்டு பார்க்கும் அளவுக்கு ட்ரைபாட் வேண்டும் என்பது கடைக்காரர்கள் பழக்கிவிட்ட எண்ணம். கால் குட்டையானால் விறைப்பும் மளமளவென்று ஏறும். நீளத்தைப் பாதியாக்கினால், அதே குழாயின் வளைவு எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும் என்பது பொறியியல் கணக்கு. 28 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்த மேல்துண்டு, மூன்றே மடிப்பு, நடுத்தண்டு இல்லாத அமைப்பு, உட்கார்ந்தால் கண்மட்டத்துக்கு வரும் உயரம் என்று தேடினால் ஒன்றரைக் கிலோவுக்குள் நல்ல கார்பன் கால்கள் அகப்படும். உட்காருவதால் வேறு லாபங்களும் உண்டு. வரப்பில் நிற்கும் மனித உருவத்தைக் கண்டு பறவைகள் கலையும். உட்கார்ந்த உருவத்துக்கு அவ்வளவாகக் கலைவதில்லை. படமும் மேலிருந்து கீழாகப் பார்க்காமல் பறவையின் கண்ணோடு கண் வைத்துப் பேசும். நாணலும் புதரும் உயர்ந்து நிற்கும் ஏரிக்கரையில் மட்டும் இந்தக் குட்டைக்கால் உதவாது, அங்கே உயரம் வேண்டும்தான்.

ட்ரைபாடின் மேல் லென்ஸைப் பூட்டும் தலைப்பகுதியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நீண்ட லென்ஸுக்குப் பால் ஹெட் சரிவராது. திருகைத் தளர்த்திய கணத்தில் லென்ஸ் தலைகுப்புறச் சாயும், நல்ல லென்ஸின் முகப்பு ட்ரைபாட் காலில் மோதியதும் உண்டு. சிறிய வீடியோ ஹெட் ஸ்கோப்புக்கும் லென்ஸுக்கும் பொதுவாக உதவும். ஜிம்பல் ஹெட் பெரிய லென்ஸ்காரர்களுக்கு.

ட்ரைபாடே வேண்டாத சமயங்களும் நிறைய. பறக்கும் பூநாரையை 1/2,000 வினாடியில் எடுக்கும்போது கைநடுக்கம் பிரச்சினையே இல்லை. லென்ஸுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பு உட்கார்ந்திருக்கும் பறவைக்குக் கைகொடுக்கும். ஓடும் பறவையை அதனால் நிறுத்திக் காட்ட முடியாது. முதுமலையில் வனத்துறை வாகனத்துக்குள் மூன்று காலை விரிக்க இடமேது? வெறும் துணிப்பையை மடித்து எடுத்துப்போய், அங்கே கடையில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பி ஜன்னல்கட்டையில் வைத்தால் எந்த ட்ரைபாடும் அதற்கு ஈடாகாது.

பைனாகுலர் பக்கம் வந்தால், நாம் கண்டுகொள்ளாத ஒரு பழக்கம் வேட்டைக்காரர்களிடம் இருக்கிறது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று வேட்டைக்கு இடமில்லை; இருக்கவும் வேண்டாம். ஆனால் அமெரிக்காவின் மேற்கு மலைகளில் மான் தேடுகிறவர்கள் 15x56 போன்ற பைனாகுலரை ட்ரைபாடில் பூட்டிவிட்டு, எதிர்மலைச் சரிவை அங்குலம் அங்குலமாக மணிக்கணக்கில் அலசுகிறார்கள். அசையாத பைனாகுலரில் இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது, புல்லுக்குள் படுத்திருக்கும் விலங்கின் காதசைவுகூடப் பிடிபடும். முக்குருத்திப் புல்வெளியில் வரையாடு தேடுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. கழுத்தில் தொங்கும் 8x42ஐயே பல மாடல்களில் ஒரு சிறு இணைப்பைப் போட்டு ட்ரைபாடில் ஏற்றிவிடலாம். அந்த 8x42ஐ எடைக்காக 10x25 ஆக்குவதுதான் கூடாது. முன்னதில் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 5 மி.மீ.க்குச் சற்று மேல் அகலம். பின்னதில் வெறும் 2.5 மி.மீ. அந்தி மங்கலில் சின்னது குருடாகிவிடும்.

ஸ்கோப்பில் மாறாகக் குறைக்கலாம். வெயில் ஏறியதும் உப்புத்தரையிலிருந்து கானல் கிளம்பும். அப்போது 30 மடங்கைத் தாண்டினால் எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடியிலும் பறவை தண்ணீரில் கரைவது போல நெளியும். அதனால் 85 மி.மீ. ஸ்கோப்பைச் சுமப்பதைவிட 65 மி.மீ. போதும் என்பது என் துணிபு. பெரிய ஸ்கோப்பின் பலம் விடியலிலும் அந்தியிலும்தான் தெரியும். இதையெல்லாம்விடப் பெரிய எடைக்குறைப்பு வீட்டிலேயே நடக்க வேண்டும். ஒரே நடையில் கணக்கெடுப்பும் படமும் இரண்டும் வேண்டும் என்று ஸ்கோப்பையும் 600 மி.மீ. லென்ஸையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய், அவற்றைத் தாங்க வேண்டிய காலில் போய் அரைக் கிலோ மிச்சம் பிடிக்கிறோம். ஒரு நாள் ஸ்கோப், மறுநாள் லென்ஸ் என்று பிரித்துக்கொண்டால் இரண்டு கிலோவுக்கு மேல் இறங்கிவிடும். தடித்த கால்களை எடுத்துப்போக அதில் தாராளமாக இடமிருக்கும்.