வகுத்தால் வருவது மின்தடைதானா?

பள்ளியில் மின்னியல் பாடத்தைக் கடந்து வந்த எவருக்கும் இரண்டு கணக்குகள் மறப்பதில்லை. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை; இரண்டையும் பெருக்கினால் திறன். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓடினால் 46 ஓம், 1150 வாட். ஒரே வரியில் விடை வந்துவிடும். இந்த எளிமை பெரிய வலிமை. ஆனால் எந்த நிலையில் எடுத்த அளவுகள் இவை என்று கேட்காமலே வகுக்கவும் பெருக்கவும் மாணவரைப் பழக்கிவிடுகிறோம். என் குறை அதைப் பற்றியதுதான்.

முதலில் வலிமையைச் சொல்ல வேண்டும். ஒரு கருவியைப் பிரிக்காமல், நிறுத்தாமல், அது வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதன் நிலையை அறிய இதைவிட நேரான வழி இல்லை. மல்டிமீட்டரும் உள்ளே இதைத்தான் செய்கிறது: தெரிந்த சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி, எழும் மின்னழுத்தத்தை அளந்து, ஓமாக மாற்றிக் காட்டுகிறது. ஓர் ஓமுக்கும் குறைவான மோட்டார் காயிலை அளக்கும்போது மீட்டர் ஒயரின் தடையும் சேர்ந்து விடையைக் கெடுக்கும். அங்கே மின்னோட்டத்தை ஒரு ஜோடி ஒயரில் அனுப்பி, மின்னழுத்தத்தை வேறொரு ஜோடியில் அளக்கிறார்கள். இரண்டாவது ஜோடியில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லாததால் அதன் தடை கணக்கில் நுழைவதில்லை. சாதாரண வகுத்தலை வைத்தே மில்லி ஓம் வரை துல்லியமாகப் போய்விடலாம்.

சிக்கல் பழைய குண்டு பல்பில் தெரிகிறது. 230 வோல்ட், 100 வாட் பல்பு எரியும்போது சுமார் 0.43 ஆம்பியர் எடுக்கும். வகுத்தால் ஏறத்தாழ 529 ஓம். அதே பல்பைக் கழற்றி, ஆறிய பின் மல்டிமீட்டரில் வைத்தால் 40 ஓமை ஒட்டித்தான் காட்டும். இரண்டுமே சரியான அளவுகள். டங்ஸ்டன் இழை 2500 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறும்போது அதன் தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. ஆறிய அளவை நம்பித் திறன் கணக்கிடுபவருக்கு 100 வாட் பல்பு 1300 வாட் இழுப்பதாக விடை வரும். சுவிட்சைப் போடும் அந்த ஒரு கணத்தில் அது உண்மையும்கூட. பல பல்புகள் போட்டவுடன் பியூஸ் போவதற்கு இந்த முதல் பாய்ச்சல் ஒரு காரணம். இஸ்திரிப்பெட்டியிலும் ஹீட்டரிலும் இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் நிக்ரோம் கம்பி சூடானாலும் தடை சில விழுக்காடுதான் மாறும். பாடநூல் கணக்குகளில் ஹீட்டரும் இஸ்திரிப்பெட்டியும் திரும்பத் திரும்ப வருகின்றன. சூத்திரம் பொருந்தும் பொருள்களை மட்டும் காட்டிவிட்டு, எல்லாவற்றுக்கும் அது பொருந்தும் என்ற எண்ணத்தை விதைக்கிறோம்.

ஜார்ஜ் சைமன் ஓமே இந்த நிபந்தனைகளோடு போராடித்தான் விதியைக் கண்டார். அவருடைய 1825 கட்டுரையில் இருந்த சூத்திரம் பிழையானது. அன்றைய மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நிற்கவில்லை. இயற்பியலாளர் பொகெண்டார்ஃப் சொன்ன யோசனைப்படி வெப்ப மின்னிரட்டைக்கு மாறினார். ஒரு முனை கொதிநீரில், மறுமுனை பனிக்கட்டியில். அழுத்தம் அசையாமல் நின்றதும் விதி வெளிப்பட்டது. 1827இல் நூலாக வந்தது. வெப்பநிலை மாறாதபோது சில பொருள்களில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பதே அவர் கண்டது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுப்பது அதிலிருந்து வேறான ஒன்று, வெறும் வரையறை. டையோடுக்கும் பல்புக்கும்கூட அந்த வகுத்தலைச் செய்யலாம், ஓர் எண் கட்டாயம் கிடைக்கும். அந்த எண் கிடைத்துவிட்டதாலேயே பொருள் ஓம் விதிக்குக் கட்டுப்படுகிறது என்று ஆகிவிடாது. வகுப்பறையில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

திறன் கணக்கில் இந்தக் குழப்பம் பணத்தையே கரைக்கிறது. 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தில் ஓடும் 5 குதிரைத்திறன் பம்புசெட் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். பயனுறுதிறனும் திறன் காரணியும் தலா 0.85 என்றால் ஒவ்வொரு முனையிலும் சுமார் 7.2 ஆம்பியர் ஓடும். மின்னழுத்தம், மின்னோட்டம், மூன்றின் வர்க்கமூலம் மூன்றையும் பெருக்கினால் 5175 வரும். அது வோல்ட்-ஆம்பியர். அதைத் திறன் காரணியால் பெருக்கினால் வரும் சுமார் 4400 வாட்தான் மோட்டார் உண்மையில் எடுப்பது. தண்டில் கிடைப்பது 3730 வாட். கிளாம்ப் மீட்டர் காட்டும் ஆம்பியரை வைத்து வாட்டைச் சொல்பவர் திறன் காரணியை விட்டுவிட்டால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மிகுத்துச் சொல்கிறார். 415ஐ 7.2ஆல் வகுத்தால் வரும் சுமார் 58 ஓமோ அந்த மோட்டாரில் எங்கும் இல்லை. காயிலின் தடை சில ஓம்தான். மீதியைத் தடுத்து நிறுத்துவது சுழலும் மோட்டார் தனக்குள் உண்டாக்கும் எதிர் மின்னியக்கு விசை.

லோ வோல்டேஜ் நேரத்தில் இது விவசாயியின் தலையில் விடிகிறது. 230 வோல்ட்டுக்குச் செய்த 1000 வாட் ஹீட்டர் 180 வோல்ட்டில் 612 வாட்டாக அடங்கிவிடும். தண்ணீர் சூடாக நேரமாகும், வேறு கேடில்லை. பள்ளிக் கணக்கு படித்தவர் மோட்டாரும் அப்படியே அடங்கும் என்றுதான் நினைப்பார். நடப்பது நேர்மாறு. தண்ணீரை அதே உயரத்துக்கு ஏற்றியாக வேண்டும். அழுத்தம் குறையக் குறைய மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கிறது. காயிலின் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. காயில் கருகி ரீவைண்டிங் கடைக்குப் போகும் மோட்டார்களில் பலவற்றின் கதை இது.

இவற்றோடு ஒப்பிட்டால் மீட்டர்கள் தரும் பிழை சிறியது, தவிர்க்கவும் கூடியது. 1000 ஓம் தடையின் குறுக்கே 10,000 ஓம் வோல்ட்மீட்டரை இணைத்து, இரண்டின் மின்னோட்டத்தையும் சேர்த்து அம்மீட்டரில் அளந்தால் 909 ஓம் என்று வரும். பெரிய தடைக்கு இணைப்பை மாற்றிப் போட்டால் போதும்.

ஆகவே கணக்கை விட்டுவிடச் சொல்லவில்லை. அதோடு நிபந்தனையையும் கேட்கச் சொல்கிறேன். ஆய்வகத்தில் நிக்ரோம் கம்பியை வைத்து நேர்கோடு வரைந்த மாணவர், அதே சுற்றில் ஒரு டார்ச் பல்பை மாட்டி இன்னொரு கோடு வரையட்டும். அது வளைவதை அவரே காண்பார். வினாத்தாளில் மோட்டார் வந்தால் திறன் காரணியும் வரட்டும், பல்பு வந்தால் எரியும் பல்பா ஆறிய பல்பா என்பதும் வரட்டும்.