சலவை அறையில் யாரும் இல்லை

பிரிஸ்டல் நகரில் கிரேட் ஜார்ஜ் தெருவின் 7ஆம் எண் வீடு 1790ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. கட்டியவர் ஜான் பின்னி. கரீபியத் தீவான நெவிஸில் கரும்புத் தோட்டமும் அடிமைகளும் வைத்திருந்தவர். இன்று அது ஜார்ஜியன் ஹவுஸ் என்ற நகர அருங்காட்சியகம். படிப்பறையையும் உணவறையையும் பார்த்தால் எஜமான் இப்போதுதான் எழுந்து போனார் என்று தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான் அடுக்கியிருக்கிறார்கள்.

நான் அதிக நேரம் நின்றது அடித்தளத்தில். சமையலறை, சலவை அறை, அவற்றோடு எஜமான் முங்கிக் குளிக்கக் குளிர்நீர்த் தொட்டி. கரி இல்லை, ஈரம் இல்லை, சோப்பு வாடை இல்லை. மேலே மேசையைப் பார்த்தால் அதில் எழுதியவர் நினைவுக்கு வருகிறார். கீழே சலவைத் தொட்டியைப் பார்த்தால் தொட்டி மட்டும்தான் தெரிகிறது. துவைத்தவளின் கை தண்ணீரில் ஊறி வெடித்திருக்குமே, அதை எந்த அலமாரியில் வைப்பது?

அடிமைமுறையைப் பற்றி இந்த வீடு மௌனமாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பின்னியின் பணியாள் பெரோவைப் பற்றிப் பேசுகிறது. துறைமுகத்தில் 1999இல் திறந்த நடைபாலத்துக்கும் அவர் பெயர்தான். வைக்க வேண்டிய பெயர்தான். ஆனால் 1765இல் பின்னி பெரோவை வாங்கியபோது நான்சி, ஷீபா என்ற அவருடைய சகோதரிகளையும் சேர்த்தே வாங்கினார். எஜமானோடு கடல் கடந்து வந்த ஆண் இந்த நகரத்தின் நினைவில் இடம்பிடித்தார். சகோதரிகள் அவர் கதையில் ஒரு வரியாக நின்றுவிட்டார்கள்.

ஃபேனி கோக்கர் வந்தவர்தான். 1767இல் நெவிஸில் அடிமையாகப் பிறந்து, தையல் கற்று, 1778இல் விடுவிக்கப்பட்டு, 1783இல் பின்னி குடும்பத்தோடு பிரிஸ்டலுக்கு வந்தார். எஜமானியின் பணிப்பெண்ணாக இருந்தார், 1820இல் இறந்தார். அவருடைய தாய் பிளாக் பாலி நெவிஸில் அடிமை. தாயை உடைமையாக வைத்திருக்கும் குடும்பத்துக்கு மகள் சம்பளத்துக்கு வேலை செய்வதை விடுதலை என்று ஒரே சொல்லில் எழுதிக் கடந்துவிட என்னால் முடியவில்லை. ‘விசுவாசமான பணிப்பெண்’ என்று எழுதுவது அதைவிட மோசம்.

படுக்கையறையைத் திரைச்சீலையோடும் கட்டிலோடும் எஜமானிக்காக அலங்கரித்திருக்கிறார்கள். அங்கே ஓர் ஊசிநூல் பெட்டியை வையுங்கள். பக்கத்தில் மகள் பெயரையும் தாய் பெயரையும் எழுதுங்கள். தாயின் பெயர் முதலில் வரட்டும்.