கோயில் வளவுப் பள்ளிக்கூடம்

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும், கோயிலடியில் வளர்ந்த சிறிய றோமன் கத்தோலிக்கப் பாடசாலைகளை, அங்கே படித்துப் பெரியவர்களானோரின் பட்டியலை வைத்து அளப்பது பிழை. அவற்றின் சிறப்பு அருகாமை. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். சோளகக் காற்று எழுந்தால் அதற்கும் உறுதியில்லை. 1850இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய புனித பத்திரிசியார் கல்லூரி எவ்வளவு புகழ் பெற்றாலும், தீவில் அரிச்சுவடி தொடங்கும் பிள்ளைக்கு அது கடலுக்கு அப்பால்தான். நடந்து போய் மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பக்கூடிய பள்ளிதான் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளையை எழுத்துக்குக் கொண்டுவந்தது.

மதம் பரப்பத்தானே கட்டினார்கள் என்று கேட்கலாம். ஆம், அந்த நோக்கமும் இருந்தது; மறைப்பதற்கில்லை. ஆனால் மிஷன் பள்ளிகளுக்கு மறுமொழியாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார். பிறகு தீவுகளிலும் சைவப் பள்ளிகள் எழுந்தன. போட்டியில் லாபம் பிள்ளைகளுக்கு. 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, பத்திரிசியார் போன்ற பெரிய கல்லூரிகளுக்குத் தனித்து நிற்க வழியிருந்தது, சிறியவற்றுக்கு இல்லை. நிர்வாகம் மாறியது, பலவற்றின் பெயரில் ‘றோ.க.’ மட்டும் தங்கிவிட்டது. 1990களின் போர்க்கால இடப்பெயர்வுக்குப் பின் பிள்ளைகள் குறைந்துவிட்டார்களே, ஏன் இந்தச் செலவு என்பது இன்றைய கேள்வி. பள்ளியை மூடினால் எஞ்சிய இளம் குடும்பங்களும் யாழ்ப்பாணத்துக்குப் பெயர்ந்துவிடும். பத்துப் பிள்ளைகளே வந்தாலும் தீவுப் பள்ளியைத் திறந்து வைத்திருக்கத்தான் வேண்டும்.