மாரியம்மா கட்டிய தண்டம்

பாமாவின் 'சங்கதி' 1994இல் வந்த பிரதி. 'நம்ம வீட்டுச் சண்டைய நாமளே தெருவுல போடணுமா?' என்று நம் தோழர்கள் அதைப் பற்றிக் கேட்டு நான் காதால் கேட்டிருக்கிறேன். வீட்டுக்குள் அடி வாங்குகிறவளிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

அதில் வரும் மாரியம்மா கதையைக் காட்டுப்பள்ளியில், ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற சில பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். நிலக்கார அய்யா மாரியம்மாவைக் கெடுக்கப் பார்க்கிறான். தப்பி ஓடி வருகிறாள். அவன் முந்திக்கொண்டு, அவளையும் மாணிக்கத்தையும் சேர்த்து நாட்டாமையிடம் பிராது கொடுக்கிறான். மாணிக்கத்துக்கு நூறு ரூபாய் தண்டம், மாரியம்மாவுக்கு இருநூறு. பிறகு அதே மாணிக்கத்துக்கு அவளைக் கட்டிவைக்கிறார்கள். அவன் தினம் அடிக்கிறான்.

"தப்பு பண்ணவன் அய்யா. இவ இன்னாத்துக்குக்கா இருநூறு கட்னா? அந்தத் துட்டு யாருகிட்ட போச்சு?" என்றார் ஒரு பெண். இத்தனை வருஷமாக நான் படித்த எந்த விமர்சனத்திலும் இந்தக் கேள்வி இல்லை. அவர்களுக்கு அது தோன்றியதில் ஆச்சரியமில்லை. பழவேற்காடு ஏரியில் எவன் எந்த இடத்தில் வலை போடுவது என்பது 'பாடு' முறையில் முடிவாகிறது. அதில் பங்கு பரம்பரைத் தலைக்கட்டு ஆண்களுக்குத்தான். தலித்துக்கும் இருளருக்கும் அதில் இடமில்லை, பெண்ணுக்கு எந்தச் சாதியிலும் இல்லை. சோற்றையே கையில் வைத்திருக்கிற பஞ்சாயத்தை அவர்களுக்குத் தெரியும்.

மாரியம்மாவைச் சட்டத்தோடு சேர்த்து வாசித்தால் ஒரு ஓட்டை தெரிகிறது. அய்யாவைப் பிடிக்க 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மாணிக்கம் அடிப்பதைத் தடுக்க 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. தண்டம் போட்ட நாட்டாமை? வன்கொடுமைச் சட்டம் தலித் அல்லாத, பழங்குடி அல்லாத குற்றவாளிக்குத்தான். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் சமூகப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியது, ஆனால் சொந்தச் சாதிப் பஞ்சாயத்தை அது தொடாது. குடும்பச் சட்டமோ ஒரே வீட்டில் வாழ்கிற உறவோடு நின்றுவிடுகிறது. கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொன்னதோடு சரி. மகாராஷ்டிரத்தில் 2016இல் சாதிப் பஞ்சாயத்தின் ஊர்விலக்கைத் தண்டிக்கத் தனிச் சட்டமே போட்டார்கள், தீர்ப்புச் சொன்னவன் எந்தச் சாதியானாலும் அது பொருந்தும். இங்கும் அப்படி ஒன்று வேண்டும் என்கிறேன், பாதிக்கப்பட்டவளிடம் வாங்கிய தண்டத்தைத் திருப்பிக் கொடுக்க வைக்கிற பிரிவோடு.

சேரிக்குள் போலீசை விடச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். நியாயம்தான். 1992 ஜூனில் வாச்சாத்தியில் நுழைந்தது திருடர்களா? வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்கும் 2011இல் தண்டனை, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். இந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பயத்துக்கு விலையாக மாரியம்மாக்களைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பாமாவிடமும் எனக்கு ஒரு குறை. விஷயம் தெரிந்த பெண்கள் மாரியம்மாவை வாயைத் திறக்காதே என்கிறார்கள், அய்யா பேச்சுத்தான் எடுபடும் என்று. நாட்டாமை மேல் ஆத்திரப்படுகிற பிரதி, அவரை அங்கேயே உட்கார வைத்துவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறது. வாசித்து முடித்ததும் காட்டுப்பள்ளிப் பெண் கேட்டார்: "அந்த நாட்டாமைய அப்பறம் யாருமே ஒண்ணும் கேக்கலியா?"

இல்லை என்றேன்.