கசெற்றில் எஞ்சிய தவில்

இணுவிலிற் பிறந்த தவில் வித்துவான் வி. தெட்சணாமூர்த்தி (1933–1975) பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவரது வேகத்திலிருந்தே தொடங்குவர். 42 வயது நிறையுமுன் மறைந்த அக்கலைஞரை நேரிற் கேட்ட தலைமுறை அருகிவிட்ட இந்நாளில், இப்புகழுரைக்குச் சான்றாகக் காட்டப்படுவன ஒலிப்பதிவுகளே. அவற்றுட் பல கலையகத்திற் செய்யப்பட்டவையல்ல. கச்சேரி நடந்த இடத்திலேயே ரசிகர்கள் தம் ரேப் றெக்கோடரை வைத்து எடுத்தவை. பின்னர் கசெற்றிலிருந்து கசெற்றுக்குப் பிரதியாகிக் கைமாறியவை. இத்தகைய சான்றைக் கொண்டு வேகத்தை அளக்கலாமா?

அளத்தல் அரிது. பற்றரி தளரும்போது பதிவுக் கருவியின் நாடா மெதுவாக ஓடும். அந்நாடாவைப் பின்னர் சீரான வேகத்தில் ஓடவிட்டால் வாசிப்பு உண்மையிலும் விரைந்து ஒலிக்கும். சுருதியும் உயரும் எனினும், திமிரி, பாரி என நாதஸ்வரத்தின் நீளமும் சுருதியும் வேறுபடுவதால் அதனைக் கொண்டு மட்டும் பிழையைக் கண்டுகொள்ள இயலாது. இவ்வாறு பற்றரியின் களைப்பு வித்துவானின் விரலுக்குப் புகழாகிவிடுகிறது!

இன்னொன்றும் உண்டு. கசெற் றெக்கோடர்கள் பலவற்றில் ஒலியளவைத் தாமே சீர்செய்யும் அமைப்பு இருந்தது. பேச்சைப் பதிவதற்கு அது உகந்தது, தவிலுக்கோ பகை. கூடு அணிந்த விரல்கள் வலந்தலையில் ஓங்கி விழுந்தவுடன் கருவி தன் செவியைச் சுருக்கிக்கொள்ளும்; நாதஸ்வரம் அமிழும். அடி ஓய்ந்ததும் செவியை அகல விரிக்கும். சனக்கூட்டத்தின் இரைச்சல் மேலெழும். தொப்பியின் கனத்த நாதம் சிறிய மைக்கில் முழுமையாக ஏறுவதில்லை. ஆகவே கசெற்றிற் கேட்பது வலந்தலையின் கூர்மையே. அதை மட்டும் கேட்டு, அவர் வாசிப்பில் நாதத்தினும் கணக்கே மிகுந்தது என்று தீர்ப்புக் கூறுவது அநீதி.

மேல்நாட்டில் இதற்கு நேரெதிரான ஒரு மரபு உண்டு. 1980களில் அமெரிக்காவின் ஓஸ்ரின் நகரில் டானியல் ஜோன்ஸ்ரன் என்பவர் தம் பாடல்களை வீட்டிலேயே சாதாரண கசெற் கருவியிற் பதிந்து, கையாற் கொடுத்துப் பரப்பினார். அங்கு இரைச்சலும் தேய்வும் பாடலோடு ஒன்றிய அழகாகவே மதிக்கப்பட்டன. தெட்சணாமூர்த்தியின் பதிவுகளை அக்கண் கொண்டு நோக்குதல் தகாது. இங்கு பதிந்தவர் கலைஞரல்லர், கேட்டவர். அவ்விரைச்சல் ரசிகனின் வரலாறு, வித்துவானின் பாணியன்று.

எனின், இப்பதிவுகளில் நம்பத்தக்கது யாது? விகிதம். நாடா விரைந்தாலும் தளர்ந்தாலும், ஓர் ஆவர்த்தனத்துள் அடிக்கும் அடிக்கும் இடையிலான விகிதம் பெரிதும் மாறுவதில்லை. நடை மாறும் இடம், சொற்களுக்கிடையில் விடப்படும் மௌனம், கோர்வை சுற்றிவந்து சமத்தில் அமரும் துல்லியம் ஆகியன தேய்ந்த பிரதியிலும் உயிரோடு உள்ளன. அவரது மேதைமை விரைவிலன்று, இவ்விடைவெளிகளிலேயே தேடப்படவேண்டும். 2015இல் அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் அவரைப் புதிய தலைமுறைக்கு அறிமுகஞ் செய்தது; நுணுகிக் கேட்கும் வேலை இனித்தான் தொடங்கவேண்டும்.

அதற்குரிய மூலங்களோ குறைந்துவருகின்றன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது கையிற் கொள்ளக்கூடியதையே கொண்டு சென்றனர்; கசெற் பெட்டி அவ்வரிசையில் முன்நிற்கும் பொருளன்று. எஞ்சியவற்றை இன்று கணினியில் ஏற்றுவோர் இரைச்சலை நீக்கித் தூய்மை செய்ய விழைகின்றனர். விரல் நுனி மெல்லத் தொட்ட அடியும் இரைச்சலோடு இரைச்சலாக அழிந்துவிடக்கூடும். தூய்மை செய்யாத பிரதியொன்றையும் அவர்கள் வைத்திருத்தல் வேண்டும்.